ஹாலோவீன் அன்று வாசல் விளக்கு எரியட்டுமா, வேண்டாமா?

எங்கள் தெருமுனையில் புதிதாக வீடு வாங்கி வந்திருக்கும் தோழி போன வாரம் போனில் கேட்டாள். “அக்கா, 31ஆம் தேதி சாயங்காலம் பிள்ளைங்க வந்து கதவைத் தட்டுவாங்களாமே, நாங்க என்ன செய்யணும்? லைட்டை அணைச்சிட்டு மாடியில இருந்தா தப்பா நினைப்பாங்களா?” கைக்குழந்தை இருக்கிற வீடு. கணவருக்கு அந்த வாரம் இரவு ஷிஃப்ட். அக்டோபர் 31, ஹாலோவீன் மாலையில் பிள்ளைகள் வேஷம் கட்டிக்கொண்டு வீடு வீடாகப் போய் “ட்ரிக் ஆர் ட்ரீட்” என்று மிட்டாய் கேட்பது அமெரிக்க வழக்கம். அவள் கேட்டது நியாயமான கேள்விதான்.

நான் நியூ ஜெர்சிக்கு வந்து 14 வருடம் ஆகிறது. விளக்கை அணைப்பது, வாசலில் கிண்ணம் வைப்பது, கதவருகே காத்திருப்பது, டிரைவ்வேயில் (தெருவிலிருந்து வீட்டுக்குக் கார் வரும் பாதையில்) மேசை போடுவது என்று எல்லாவற்றையும் ஒரு வருடமாவது செய்து பார்த்திருக்கிறேன். அவளுக்குச் சொன்னதைக் கொஞ்சம் விரித்து இங்கே எழுதுகிறேன். புது வீட்டில் முதல் ஹாலோவீனைப் பார்க்கப் போகும் மற்றவர்களுக்கும் உதவும்.

முதலில் விளக்கு. இங்கே அக்டோபர் 31 மாலை வாசல் விளக்கு எரிந்தால் “வாருங்கள்” என்று அர்த்தம். எரியாவிட்டால் பிள்ளைகள் அடுத்த வீட்டுக்குப் போய்விடுவார்கள். யாரும் இதை எழுதி ஒட்டுவதில்லை, ஆனால் மழலைப் பள்ளிக் குழந்தைக்குக்கூடத் தெரியும். அதனால் விளக்கை அணைப்பது அவமரியாதை இல்லை. உடம்புக்கு முடியாதவர்கள், மத நம்பிக்கையால் இந்த நாளை விலக்கி வைப்பவர்கள் எல்லோரும் இதைத்தான் செய்கிறார்கள். “ட்ரிக் ஆர் ட்ரீட்” என்பதற்கு “மிட்டாய் கொடு, இல்லாவிட்டால் குறும்பு செய்வோம்” என்றுதான் பொருள். ஆனால் கொடுக்காத வீட்டில் குறும்பு செய்ததை எங்கள் பக்கத்தில் நான் பார்த்ததே இல்லை. நியூ ஜெர்சியில் குறும்புக்கென்றே 30ஆம் தேதி இரவு தனியாக இருக்கிறது. “மிஸ்சீஃப் நைட்” என்பார்கள், மரத்தில் டாய்லெட் பேப்பரைச் சுற்றிவிட்டு ஓடுவார்கள். அதற்கும் உங்கள் வாசல் விளக்குக்கும் சம்பந்தம் இல்லை.

இந்த வீட்டுக்கு வந்த முதல் வருடம், 2014இல், நாங்களும் அணைத்துத்தான் வைத்தோம். மகளுக்கு அப்போது 4 வயது. ஜன்னல் திரையின் பட்டைகளை இரண்டு விரலால் விலக்கிக்கொண்டு தெருவையே பார்த்துக்கொண்டு நின்றாள். ஒரு டைனோசர், இரண்டு இளவரசிகள், தலையில் அட்டைப்பெட்டி மாட்டிய ஒரு ரோபோ. எல்லாம் எங்கள் புல்வெளி ஓரம் வரை வந்து, வீட்டை ஒரு பார்வை பார்த்துவிட்டு, எதிர்ப்பக்கம் போயின. “அம்மா, நம்ம வீட்டுக்கு மட்டும் ஏன் யாரும் வரல?” என்றாள். அடுத்த வருடத்திலிருந்து இன்றுவரை எங்கள் வாசல் விளக்கு எரிந்துகொண்டிருக்கிறது. என் பக்கச் சாய்வு எது என்பது உங்களுக்கு இப்போதே தெரிந்துவிட்டது. தெரிந்துகொண்டே மேலே படியுங்கள்.

விளக்கை அணைத்துவிட்டு வெளியே சாப்பிடப் போகலாம் என்று நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. 5 மணிக்கு முன்பே கிளம்புங்கள், இல்லை 8 மணிக்கு மேல் கிளம்புங்கள். அமெரிக்காவில் 1975 முதல் 2016 வரை நடந்த சாலை விபத்துகளை வைத்து ஜாமா பீடியாட்ரிக்ஸ் மருத்துவ இதழில் ஓர் ஆய்வு வந்தது. நடந்து போகிறவர்கள் வண்டி மோதி இறக்கும் அபாயம் மற்ற மாலைகளைவிட ஹாலோவீன் மாலையில் 43 சதவீதம் அதிகம், அதிலும் சிறு பிள்ளைகளுக்குப் பல மடங்கு அதிகம் என்று கண்டிருக்கிறார்கள். கறுப்பு அங்கி போட்ட 6 வயதுப் பிள்ளை இரண்டு கார்களுக்கு நடுவிலிருந்து ஓடி வந்தால் கண்ணுக்கே தெரியாது.

அடுத்த வழி கிண்ணம். வாசற்படியில் மிட்டாய் நிறைந்த கிண்ணத்தை வைத்து, “ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள்” என்று ஒரு தாள் ஒட்டிவிட்டு உள்ளே போய்விடுவது. தங்கள் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு தெருவில் சுற்றும் பெற்றோர் பலர் இதைத்தான் செய்கிறார்கள். ஆள் இல்லாவிட்டாலும் வீடு கொடுத்துவிடும், மணி அடிக்காது. குறை ஒன்றுதான். 6 மணிக்கு வைத்தால் 6:15க்குக் காலியாகிவிடலாம்.

பிள்ளைகளின் வளர்ப்பு சரியில்லை என்று இதை எடுத்துக்கொள்ளாதீர்கள். 1976இல் எட் டீனர் முதலான உளவியலாளர்கள் சியாட்டில் நகரில் 27 வீடுகளில், 1,352 பிள்ளைகளை வைத்து இதையே ஆராய்ந்து வெளியிட்டார்கள். ஒன்று மட்டும் எடுக்கச் சொல்லிவிட்டு வீட்டுப் பெண்மணி உள்ளே போய்விடுவார். பெயரும் வீடும் கேட்கப்பட்டு, தனியாக வந்த பிள்ளைகளில் கூடுதலாக எடுத்தவர்கள் 7.5 சதவீதம்தான். எதுவும் கேட்கப்படாமல் கூட்டமாக வந்தவர்களில் 57 சதவீதம் பேர் கூடுதலாக எடுத்தார்கள். முகமூடியும் கூட்டமும் சேர்ந்தால் யாருக்கும் கை கொஞ்சம் நீளும். பிறகு அதே குழுவினர் கிண்ணத்துக்குப் பின்னால் ஒரு கண்ணாடியை வைத்துப் பார்த்தபோது, தன் முகத்தைத் தானே பார்த்த பிள்ளைகள் நன்றாகவே அடங்கினார்கள்.

இதைப் படித்துவிட்டு நானும் செய்து பார்த்தேன். 2020இல், கொரோனா காரணமாக யாரும் யார் அருகிலும் போகக் கூடாது என்றிருந்த ஹாலோவீன் அது. படியில் கிண்ணத்தை வைத்து, பின்னால் பழைய நிலைக்கண்ணாடி ஒன்றைச் சாய்த்து வைத்தேன். ஒரு பையன் கை நிறைய அள்ளியவன், நிமிர்ந்து தன்னைப் பார்த்தான். தலைக்கவசத்தைச் சரிசெய்துகொண்டான். அப்புறம் ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு மீதியைத் திரும்பப் போட்டான். ஜன்னல் வழியாக இதைப் பார்த்துக்கொண்டிருந்த என் கணவருக்கு நெகிழ்ச்சியாகிவிட்டது. அன்று 7:30 மணி வரை கிண்ணம் தாங்கியது. ஆகவே கிண்ணம்தான் உங்கள் வழி என்றால் கண்ணாடியோடு வையுங்கள். ஒரே தடவையில் எல்லாவற்றையும் கொட்டாமல், வீட்டில் இருந்தால் அரை மணிக்கொரு தரம் நிரப்புங்கள்.

மூன்றாவது, கதவருகே காத்திருந்து, மணி அடிக்க அடிக்கத் திறந்து கொடுப்பது. பழைய முறை இதுதான், எதிர்வீட்டு இத்தாலியப் பாட்டி இன்னமும் இப்படித்தான் கொடுக்கிறார். அழகான முறை. ஆனால் இரண்டரை மணி நேரத்தில் நாற்பது ஐம்பது தடவை எழுந்திருக்க வேண்டும். நாய் இருக்கும் வீட்டிலும் தூளியில் குழந்தை தூங்கும் வீட்டிலும் இது நடக்காது. சில வீடுகளில் படி ஏறுவதற்குள் சின்னப் பிள்ளை நீண்ட உடுப்பில் கால் தடுக்கி விழுந்துவிடுகிறது.

எனக்குப் பிடித்தது நான்காவது. டிரைவ்வேயின் தெருப்பக்க முனையில் ஒரு மடக்கு மேசை, இரண்டு நாற்காலி, ஒரு விளக்கு. அவ்வளவுதான். பிள்ளைகள் படியேற வேண்டாம், மணி அடிக்காது, யார் வருகிறார்கள் என்று தூரத்திலிருந்தே தெரியும். பெரியவர்களும் நின்று இரண்டு வார்த்தை பேசுவார்கள், இதுதான் முக்கியம். கதவருகே கொடுக்கும்போது பெற்றோர் தெருவிலேயே நின்றுவிடுகிறார்கள், கையசைப்பதோடு சரி. மேசையைத் தெருவுக்குக் கொண்டுபோன வருடம்தான் நான்கு வீடு தள்ளி இருப்பவர் தீயணைப்பு வீரர் என்றும், பின் தெருவில் இன்னொரு தமிழ்க் குடும்பம் இருக்கிறது என்றும் தெரிய வந்தது. அதுவரை சில வருடமாக ஒரே குப்பை வண்டிக்குத் தொட்டி வைத்துக்கொண்டிருந்தோம்.

2007 முதல் அமெரிக்காவில் குளிர்காலத்துக்காகக் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னுக்குத் திருப்பும் நாள் அக்டோபர் கடைசி ஞாயிறிலிருந்து நவம்பர் முதல் ஞாயிறுக்குத் தள்ளிப் போய்விட்டதால், ஹாலோவீன் மாலை முன்பைவிட ஒரு மணி நேரம் கூடுதல் வெளிச்சம். எங்கள் பக்கம் 6 மணிக்குச் சற்று முன்புதான் சூரியன் மறைகிறது. குட்டிப் பிள்ளைகள் 5:30க்கே வந்துவிடுவார்கள். 8 மணிக்கு மேல் வருபவர்கள் பெரும்பாலும் வளர்ந்த பிள்ளைகள். அவர்களுக்கும் கொடுங்கள். 15 வயதுப் பையன் வேறெங்கும் போகாமல் வேஷம் கட்டிக்கொண்டு மிட்டாய் கேட்டு வருகிறான் என்றால் அது நல்ல விஷயம். “ட்ரிக் ஆர் ட்ரீட் சொல்” என்று எந்தப் பிள்ளையையும் கட்டாயப்படுத்தாதீர்கள். பேச்சு வராத பிள்ளையும் அந்த வரிசையில் நிற்கலாம்.

குளிர் ஒன்றுதான் கஷ்டம். 2017இல் மதுரையிலிருந்து வந்திருந்த என் மாமியார், சேலைக்கு மேல் கணவரின் பெரிய ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு மேசையில் உட்கார்ந்தார். “ஒண்ணு மட்டும் குடுன்னு சொல்றியே, அந்தப் புள்ள மூஞ்சியப் பாரு” என்று சொல்லி ஒவ்வொரு பிள்ளைக்கும் கைநிறைய அள்ளிக் கொடுத்தார். கொலுவுக்கு வரும் பிள்ளைகளுக்குச் சுண்டல் கொடுக்கிற அதே கை. 7:15க்கு மிட்டாய் தீர்ந்தது, விளக்கை அணைத்தோம். அத்தைக்கு அது இங்கே கழித்த ஆறு மாதத்தில் மிகப் பிடித்த நாள். ஊருக்குப் போன பிறகும் ஒவ்வொரு அக்டோபரிலும் “எத்தனை புள்ளைக வந்துச்சு?” என்று கேட்பார்.

அடுக்ககத்தில் இருப்பவர்களுக்கு இந்தக் கவலையெல்லாம் குறைவு. பல இடங்களில் பள்ளி அல்லது தேவாலய வாகன நிறுத்தத்தில் காரின் டிக்கியைத் திறந்து வைத்துக் கொடுக்கும் ஏற்பாடு இருக்கும். அதில் சேர்ந்துகொள்ளலாம்.

சரி, என்ன கொடுப்பது? நம்மவர்கள் முதலில் கேட்பது, வீட்டில் செய்த பலகாரம் கொடுக்கலாமா என்று. 2024இல் தீபாவளியும் அக்டோபர் 31ஆம் தேதியே வந்தது. வாசலில் கோலம், அகல் விளக்கு, உள்ளே ஒரு டப்பா நிறைய முறுக்கு. கொடுக்கக் கை துறுதுறுத்தது உண்மை. ஆனால் கூடாது. உறை பிரிக்காத, கடையில் வாங்கிய பண்டத்தை மட்டும்தான் பெற்றோர் பிள்ளையைத் தின்ன விடுவார்கள். மற்றது நேரே குப்பைக்குப் போகும். ஒரு காலத்தில் இங்கேயும் பாப்கார்ன் உருண்டை, ஆப்பிள், சில்லறைக் காசு என்றுதான் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். 1974இல் டெக்சாஸில் ஒரு பிள்ளை ஹாலோவீன் மிட்டாயில் கலந்த சயனைடால் இறந்தது. 1982இல் சிகாகோ பகுதியில் டைலனால் என்ற வலி மாத்திரையில் யாரோ சயனைடு கலந்து 7 பேர் இறந்தார்கள். அதோடு பயம் நாடு முழுக்க ஊறிவிட்டது. டெக்சாஸ் பிள்ளைக்கு விஷம் வைத்தது அந்நியர் இல்லை, காப்பீட்டுப் பணத்துக்காகப் பெற்ற தகப்பனே. டெலவேர் பல்கலைக்கழகச் சமூகவியலாளர் ஜோயல் பெஸ்ட் 1958 முதலான செய்திகளை எல்லாம் வருடக்கணக்காக அலசியிருக்கிறார். முன்பின் தெரியாத ஒருவர் கொடுத்த ஹாலோவீன் மிட்டாயால் ஒரு பிள்ளை இறந்ததாக ஒரு உறுதியான சம்பவம்கூட அவருக்குக் கிடைக்கவில்லை. இருந்தாலும் பயம் பயம்தான், அதை மதிக்க வேண்டும். அந்த வருடம் முறுக்கையும் அதிரசத்தையும் மத்தியானமே டப்பாவில் போட்டு, நன்கு பழகிய மூன்று வீடுகளுக்கு மகள் கையில் கொடுத்தனுப்பினேன். மாலையில் மேசைக்குக் கடை மிட்டாய்தான்.

கடை மிட்டாயில் சின்ன அளவா, முழு அளவா? பெரிய கடையில் மொத்தமாக வாங்கினால் சின்ன அளவு ஒன்று கால் டாலருக்குள் அடங்கும், முழு அளவு ஒன்று ஒரு டாலரை ஒட்டி வரும். 2024இல் கோகோ விலை டன்னுக்கு 10,000 டாலரைத் தாண்டிய பிறகு எதுவுமே மலிவில்லை. 20 பிள்ளைகள் வரும் அமைதியான தெரு என்றால் முழு அளவு கொடுங்கள். பிள்ளைகள் அந்த வீட்டை வருடக்கணக்கில் நினைவு வைத்திருப்பார்கள். 100க்கு மேல் வரும் எங்கள் தெருவில் அது கட்டாது. ஆளுக்கு இரண்டு சின்னது கொடுக்கிறோம். ஒன்று கவனியுங்கள்: நல்ல சாக்லேட்டோடு ஒரு சாதாரண சூயிங்கம்மைச் சேர்த்துப் போடாதீர்கள். டார்ட்மத் கல்லூரி ஆய்வாளர்கள் ஹாலோவீன் பிள்ளைகளிடமே கேட்டுப் பார்த்தார்கள். முழு சாக்லேட் மட்டும் வாங்கிய பிள்ளைகளைவிட, அதற்குப் பிறகு ஒரு பபிள்கம்மும் வாங்கிய பிள்ளைகளுக்கு மகிழ்ச்சி குறைவாக இருந்ததாம்.

நான் நின்று யோசித்த இடம் வேறு. 2018இல் ஒரு பையன், 7 வயது இருக்கும், விண்வெளி வீரர் உடை. என் கிண்ணத்தில் ரீசஸ், ஸ்னிக்கர்ஸ், கடலை போட்ட எம் அண்ட் எம்ஸ், எல்லாமே வேர்க்கடலை சேர்ந்தவை. குனிந்து ஒவ்வொன்றாகப் பார்த்தான். எதையும் தொடவில்லை. நிமிர்ந்து, “நன்றி, எனக்குக் கடலை ஆகாது” என்று மெதுவாகச் சொல்லிவிட்டு, காலிப் பையோடு அப்பாவிடம் திரும்பிப் போனான். அவன் அழவில்லை, பழகிப்போன பிள்ளை. எனக்குத்தான் அன்று இரவு சாப்பாடு இறங்கவில்லை. அமெரிக்காவில் 13 குழந்தைகளில் ஒருவருக்கு உணவு ஒவ்வாமை உண்டு. 100 பிள்ளைகள் வரும் தெருவில் ஏழெட்டுப் பேர்.

அதற்கப்புறம் எங்கள் மேசையில் இரண்டு கிண்ணம். ஒன்றில் மிட்டாய், இன்னொன்றில் தின்னாத பொருட்கள். பக்கத்தில் நீலப்பச்சை வண்ணம் அடித்த ஒரு பரங்கிக்காய். “இங்கே உணவு அல்லாத பொருளும் கிடைக்கும்” என்பதற்கு அதுதான் அடையாளம். டென்னசியில் ஒரு தாய் தொடங்கியதை ஃபேர் என்ற உணவு ஒவ்வாமை அமைப்பு 2014இல் நாடு முழுக்கக் கொண்டுபோனது. “பொம்மையைக் கொடுத்தால் பிள்ளைகள் முகம் சுளிக்காதா?” என்று கேட்பவர்களுக்கு: கனெக்டிகட்டில் யேல் ஆய்வாளர்கள் 2003இல் வெளியிட்ட ஆய்வில், 3 முதல் 14 வயது வரை 284 பிள்ளைகளுக்கு மிட்டாயையும் பொம்மையையும் ஒன்றாக நீட்டினார்கள். ஏறக்குறையப் பாதிக்குப் பாதி பொம்மையை எடுத்தது. என் அனுபவத்தில் பென்சில் போகாது. இருட்டில் ஒளிரும் வளையல்தான் முதலில் தீரும், அதைக் கையில் மாட்டிக்கொண்டால் காரோட்டுபவர் கண்ணிலும் படும். மூன்று வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கு மட்டும் சின்னப் பொம்மையைத் தவிர்த்து ஸ்டிக்கர் கொடுங்கள்.

மிட்டாய்க் கிண்ணத்திலும் இப்போது கடலை கிடையாது. கடையில் “கலவை” என்று விற்கும் பைகளில் பெரும்பாலும் ரீசஸோ ஸ்னிக்கர்ஸோ இருக்கும், அட்டையைத் திருப்பிப் பார்த்து வாங்குங்கள். ஸ்கிட்டில்ஸ், ஸ்மார்ட்டீஸ் இரண்டும் நல்ல தேர்வு. கனடாவில் இருப்பவர்கள் கவனிக்க வேண்டும். அங்கே ஸ்மார்ட்டீஸ் என்பது பால் சேர்ந்த சாக்லேட், இங்கே அந்தப் பெயரில் வரும் சர்க்கரை வில்லைக்கு அங்கே ராக்கெட்ஸ் என்று பெயர். கம்மி பேர், ஸ்டார்பர்ஸ்ட் போன்றவற்றில் ஜெலட்டின் இருக்கிறது, விலங்கின் தோலிலிருந்தும் எலும்பிலிருந்தும் எடுப்பது. நம் சைவக் குடும்பத்துப் பிள்ளைகளும் முஸ்லிம் பிள்ளைகளும் நிறைய இருக்கும் தெருவில் அதை வாங்காமலே இருந்துவிடலாம். சின்ன உறைகளில் பல சமயம் சேர்மானம் அச்சிட்டிருக்காது. வெளிப்பையை மேசைக்கடியில் வைத்திருங்கள், கேட்கும் பெற்றோருக்குக் காட்டலாம்.

இனி தோழிக்குச் சொன்னது. கைக்குழந்தையோடு மூன்று மணி நேரம் குளிரில் உட்கார முடியாது. அதற்காக விளக்கை முழுக்க அணைக்கவும் வேண்டாம். அழைப்பு மணி மேல் “குழந்தை தூங்குகிறது, மணி அடிக்க வேண்டாம்” என்று ஒரு தாள் ஒட்டு. 5:30லிருந்து 6:30 வரை குழந்தையைத் தள்ளுவண்டியில் போர்த்தி வைத்துக்கொண்டு டிரைவ்வேயில் உட்கார். குட்டிப் பிள்ளைகளும் அவர்களைக் கூட்டிவரும் அம்மா அப்பாக்களும் அந்த நேரத்தில்தான் வருவார்கள், உனக்கு இந்தத் தெருவில் தெரிய வேண்டியவர்கள் அவர்கள்தான். அதன் பிறகு உள்ளே போய், படியில் கிண்ணத்தை வைத்துவிடு. தீர்ந்தால் விளக்கை அணைத்துவிடு.

மிட்டாய்ப் பையை இந்த வாரமே வாங்கச் சொல்லியிருக்கிறேன், கடலை இல்லாத பைகள்தான் கடையில் முதலில் தீரும். நிலைக்கண்ணாடி எங்கள் வீட்டு பேஸ்மென்ட்டில் இருக்கிறது. 31ஆம் தேதி மத்தியானம் துடைத்துக் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும்.